பதினோராம் கட்டிலுக்கு ஆள் இல்லை

ஜூலை 1, திங்கள்

துவைத்த துணி காயவில்லை. மெஸ்ஸில் மறுபடியும் புடலங்காய்க் கூட்டு. தீசிஸ் வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையிலேயே தூங்கிப்போனேன். மொத்தத்தில் நல்ல நாள்.

நாளைக்கு எங்கள் யூனிட்டின் அட்மிஷன் நாள். மற்ற பி.ஜி. மாணவர்கள், கூட்டம் குறைவாக வர வேண்டும் என்று சாமி கும்பிடுவார்கள். நான் மட்டும் வயிறு ஊதி எத்தனை பேர் வருகிறார்கள் என்று வாசலைப் பார்ப்பேன். அநியாயம்தான். ஆனால் என் தீசிஸ் அவர்களைப் பற்றியது.

ஈரல் சுருங்கிக் கெட்டுப்போனவர்களுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். ஊரில் மகோதரம் என்பார்கள். அந்த நீரில் கிருமி புகுந்துவிட்டால் ஆளைச் சாய்த்துவிடும். இதில் கொடுமை, பாதிப் பேருக்குக் காய்ச்சல் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. வயிற்றை அமுக்கிப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். வெளியே நின்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வந்த அன்றே ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை உறிஞ்சி, அதிலுள்ள வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் என்கிற வகை இருநூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் கிருமி இருக்கிறது என்று முடிவு கட்டி உடனே மருந்து ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தள்ளிப்போட்டால் சிறுநீரகம் போகும், பிறகு ஆளே போய்விடுவார். ‘வந்த அன்றே எடு’ என்பதைத்தான் நான் நூறு பக்கத்துக்கு இழுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி நீர் எடுப்பதை டேப்பிங் என்போம். வார்டில் எனக்கு ‘டேப்பிங் டாக்டர்’ என்று பெயர். வயிறு ஊதின ஒருவர் என் கையில் அகப்பட்டால் ஊசி படாமல் தப்பியதில்லை என்று ஸ்டாஃப் எப்சிபா கேலி செய்வார். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

ஜூலை 2, செவ்வாய்

காலையிலிருந்து கால் தரையில் படவில்லை. இரண்டு விஷம், ஒரு பாம்புக்கடி, மாரடைப்பு, அப்புறம் வழக்கமான மூச்சுத்திணறல்கள்.

மதியம் ஆம்புலன்ஸில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். பரமசிவன், ஐம்பத்தாறு வயது, டிங்கரிங் வேலை. கண் மஞ்சள், கால் வீக்கம், வயிறு பெரிதாகத் தள்ளியிருந்தது. லேசாக வயிற்றுவலி. காய்ச்சல் இல்லை. பதினோராம் கட்டில் கொடுத்தார்கள்.

எங்கள் அசிஸ்டென்ட் புரொபசர் ராயப்பன் சார்தான் பார்த்தார். நான் பக்கத்தில் கேஸ் ஷீட்டோடு நின்றேன்.

“எப்ப கடைசியாக் குடிச்சீங்க?”

“விட்டுட்டேன்யா. ஒன்றரை வருசமாத் தொடுததில்ல.”

சார் சிரித்தார். “இந்த வார்டுல இருக்கிற எல்லாரும் விட்டவங்கதான். கூட வந்த அட்டெண்டர் யாரு?”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் குனிந்து இரத்த அழுத்தத்தை எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் எழுதியதையே மறுபடி எழுதினேன்.

“யாரும் இல்லங்கய்யா. ஒத்தக்கட்டை.”

“பொண்டாட்டி, பிள்ளைங்க?”

“பொண்டாட்டி செத்துட்டா. பிள்ள... யாரும் இல்லங்கய்யா.”

‘அட்டெண்டர் இல்லை’ என்று எழுதினேன். பெரியாஸ்பத்திரியில் ஆள் இல்லாத நோயாளி என்றால் எல்லாம் ஒரு படி தாமதம்தான். இரத்தம் கொண்டுபோகவும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகவும் கஞ்சி வாங்கிக் கொடுக்கவும் யாராவது வேண்டும். எங்களுக்கும் நோயாளி சொல்வது நிஜமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாய் வேண்டும்.

அவர் என் அப்பா.

இதை எழுதாமல் தாளைத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இங்கே சேர்ந்த புதிதில், “அப்பா என்ன பண்றார்?” என்று ராயப்பன் சார் கேட்டபோது, “அப்பா இல்லை சார்” என்றேன். “அடடா” என்றார். நான் செத்துப்போனதாகச் சொல்லவில்லை. அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள், நானும் விட்டுவிட்டேன். யூனிட் முழுக்க என் அப்பாவுக்காக ஏற்கனவே வருத்தப்பட்டு முடித்துவிட்டது. இனி அவரை எங்கிருந்து எழுப்பிக் கொண்டுவருவது?

ஜூலை 3, புதன்

காலையிலேயே டேப்பிங் ட்ரேயை எப்சிபா தயாராக வைத்திருந்தார். “பதினொண்ணு ஒங்க கேஸ்தானே டாக்டர், விடமாட்டீங்களே” என்றார்.

நேற்றே எடுத்திருக்க வேண்டியது. நேற்று விஷக் கேஸ் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ட்ரேயை எடுத்துக்கொண்டு திரைவரை போனேன். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சட்டைப் பொத்தான் திறந்து, வயிறு தளதளவென்று, தொப்புள் வெளியே பிதுங்கி, பச்சை நரம்பு ஓடிக்கொண்டு. இதே போல நூறு வயிறு பார்த்திருக்கிறேன். தொட்டுத் தட்டி, பக்கமாய்ச் சாய்த்து, ஊசி போட்டிருக்கிறேன். ஊசி உள்ளே இருக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எல்லா நோயாளியும் பேசுவார்கள். பயத்தில் பேசுவார்கள். குடும்பக் கதை முழுக்க வரும். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே நீர் எடுப்பேன்.

என்னால் திரையை விலக்க முடியவில்லை.

திரும்பி வந்து ட்ரேயை வைத்தேன். “என்னக்கா, எடுக்கலையா?” என்று ஹவுஸ் சர்ஜன் சுவாதி கேட்டாள். “நான் எடுக்கட்டுமா?”

“வேண்டாம். அவர் ஒத்துக்க மாட்டேங்கிறார்.”

எவ்வளவு சுலபமாக வந்தது! யோசிக்கவே இல்லை. பிறகு அதையே கேஸ் ஷீட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீர் எடுக்க நோயாளி சம்மதிக்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் இது புதிதில்லை. வேலையைத் தள்ளிப்போட நினைக்கிற எவரும் எழுதுகிற வரிதான். ஜனங்களும் நிஜமாகவே பயப்படுவார்கள், தண்ணி எடுத்தால் ஆள் போய்விடுவான் என்று. அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் எழுதினால் கேட்கவே வேண்டாம். டேப்பிங் டாக்டராலேயே சம்மதிக்க வைக்க முடியவில்லை என்றால் அந்த ஆள் எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரன்!

ராயப்பன் சார் படித்துவிட்டு, “ஒத்துக்கலையா? சரி, நாளைக்கு மறுபடி பேசிப் பாரு” என்றார்.

பதினோராம் கட்டிலில் இருப்பவரிடம் நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஸ்கூட்டர் பின் பிரேக் சத்தம் போடுகிறது. சனிக்கிழமை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

பத்தாம் கட்டில்காரரின் மனைவி பேச்சியம்மாள் பதினோராம் கட்டில்காரருக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். “ஆளில்லாத மனுசன் டாக்டரம்மா. பாவமா இருக்கி. நமக்கு ஒரு வாய்ல அவருக்கு ஒரு வாய்” என்றார். நான் நல்ல டாக்டர் போலத் தலையாட்டினேன்.

அப்போது கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “வணக்கம் டாக்டரம்மா” என்றார். நோயாளிகள் கும்பிடுகிற மாதிரியே கும்பிட்டார்.

கோபம் வந்தது. இது என்ன நாடகம்? யார் கேட்டார்கள்? நான்தான் கேட்டேன். வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் ஒன்றும் கல் மனசுக்காரி இல்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன். பத்தாம் வகுப்பில் நான் பள்ளியில் முதலாவதாக வந்தபோது மேடைக்குக் கீழே வேட்டி அவிழ, “எம்மவ, எம்மவ” என்று கத்தியவரை வாட்ச்மேன் கையைப் பிடித்து வெளியே தள்ளினார். மொத்தப் பள்ளியும் சிரித்தது. நான் பரிசை வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன். அம்மா செத்த அன்றைக்கும் அவரை யாரோ தாங்கிப் பிடித்துத்தான் கொள்ளி வைக்க வைத்தார்கள். இதையெல்லாம் பட்டவளுக்குக் கொஞ்சம் ஒதுங்கி நிற்க உரிமை இல்லையா?

உரிமை இருக்கிறது. ஆனால் போன தீபாவளிக்கு அவர் ஹாஸ்டல் வாசலுக்கு வந்ததையும் எழுத வேண்டும். நறுக்கென்று முடி வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வாசனை எதுவும் இல்லை. கிட்டப் போய் மோந்து பார்த்தேன், வெட்கமில்லாமல். அவர் தலையைக் குனிந்து ஊதிக் காட்டினார். என் ஸ்கூட்டரில் நசுங்கியிருந்த இடத்தைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். கை ஆடவே இல்லை. பாக்கியம் அத்தையும் போனில் சொன்னாள், “அண்ணன் பட்டறை விட்டா வீடு, வீடு விட்டா பட்டறைன்னு கெடக்காவ. சத்தியமா விட்டுட்டாவ.”

நான் அன்றைக்கு அவரிடம், “இனிமே இங்க வராதீங்க” என்று சொல்லி அனுப்பினேன். சரி தாயி என்று போனார்.

ஆகவே அவர் குடியை விட்டது எனக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீர் எடுப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூலை 5, வெள்ளி

காலையில் பதினோராம் கட்டிலில் ரகளை. டிரிப் குழாயைப் பிடுங்கிவிட்டார். கட்டில் கம்பியைத் தட்டித் தட்டி, “இங்கன தகரம் கொஞ்சம் எழும்பி நிக்கி, அந்தக் கட்டைச் சுத்தியல எடுடே” என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க முழித்துக் கிடந்ததாகப் பேச்சியம்மாள் சொன்னார். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

ராயப்பன் சார் வந்து பார்த்தார். “வந்து மூணு நாள்தானே ஆச்சு. குடி நின்னதும் இந்த ஆட்டம் ஆடத்தான் செய்யும். விட்டுட்டேன்னாராம், விட்டு!”

நான், “ஒன்றரை வருஷமாக் குடிக்கலைன்னு...” என்று ஆரம்பித்தேன்.

சார் நின்றார். அவர் நல்ல டாக்டர். கேட்க வேண்டியதைக் கேட்பவர். “அவரே சொன்னதா, இல்ல வேற யாராவது சொன்னாங்களா? நம்பற மாதிரி ஒரு ஆள் சொன்னா நான் வேற மாதிரி யோசிப்பேன். லிவர் பேஷன்ட் குழம்பினா உள்ளே கிருமி இருக்கான்னு தேடணும், அது எனக்கும் தெரியும். யாராவது சொன்னாங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவாதி, எப்சிபா, பேச்சியம்மாள்.

“அவரே சொன்னதுதான் சார்.”

“அப்ப விடு. தூக்க ஊசி எழுது.”

எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். ஈரல் கெட்டவருக்கு, மூளை ஏற்கனவே மங்கிக்கொண்டிருந்தால், அந்த ஊசி ஆளை இன்னும் உள்ளே இழுத்துவிடும். பரீட்சையில் கேட்டால் அரைப் பக்கம் எழுதுவேன்.

எப்சிபா போட்டார். அவர் கொஞ்ச நேரத்தில் அடங்கினார். வார்டு அமைதியானது. எல்லோருக்கும் நிம்மதி. மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் முட்டை இருந்தது, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

குடிகாரனின் மகள் என்று தெரிந்தால் இவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள்? ஒன்றும் செய்ய மாட்டார்கள். கொஞ்சம் கூடுதல் கனிவாகப் பேசுவார்கள். அந்தக் கனிவுக்குத்தான் பயந்து சாகிறேன். இதற்காக ஒருத்தரைக் கொல்லவா?

கொல்ல என்று நான் எழுதியிருக்கக் கூடாது. அந்தச் சொல்லை அடித்துவிடவும் மனமில்லை.

ஜூலை 6, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ரவுண்ட்ஸ் வருமுன் வார்டுக்குப் போனேன். அவர் எழுப்பினால் கண்ணைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார். மூத்திரம் நேற்றிலிருந்து கொஞ்சம்தான் போயிருந்தது. “ஐயா, கையை நீட்டுங்க” என்றேன். ஐயா என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. நானே இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, ஓடுகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துவதுபோல நிற்க வைத்தேன். விரல்கள் நிற்கவில்லை. முன்பக்கம் தொப்பென்று விழுந்தன, எழுந்தன, மறுபடி விழுந்தன. குடியை நிறுத்தினவர்களின் நடுக்கம் இப்படி இருக்காது. அது சன்னமாகத் துடிக்கும். இது ஈரல் மயக்கம். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது.

உள்ளங்கை முழுக்கத் தகரம் கிழித்த பழைய தழும்பு. எனக்குத் தெரிந்த கை.

ராயப்பன் சார் ஒன்பதாம் கட்டிலில் இருந்தார். போய் நின்றேன்.

“சார், பதினொண்ணுக்கு இப்பவே டேப் பண்ணணும். தூக்க ஊசியை நிறுத்தணும். இது குடி இல்ல சார். அவர் விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு.”

“நேத்து அவர் சொன்னதுதான்னு சொன்னியேம்மா?”

“எனக்குத் தெரியும் சார்.”

“எப்படித் தெரியும்?”

“அவர் எங்க அப்பா சார்.”

சார் என்னைப் பார்த்தார், பதினோராம் கட்டிலைப் பார்த்தார். உங்க அப்பாதான் இறந்துட்டாரே என்று கேட்க வந்தவர் அதைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதுதான் என்னைச் சுட்டது. பேச்சியம்மாள் கையிலிருந்த தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். நேற்று முழுக்க அவருக்கு வாய் துடைத்துவிட்டவர் அவர்தான்.

“ட்ரே எடு” என்றார் சார். பிறகு, “முந்தியே எடுத்திருக்கலாம். அவர் ஒத்துக்கலை, இல்ல?” என்றார்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு உண்மையைச் சொன்ன வாய்க்கு இன்னொன்றும் சொல்வது என்ன கஷ்டம்? சுமந்துகொண்டு வந்த மூட்டையில் பாதியை இறக்கிவிட்டு மீதியை முதுகிலேயே வைத்துக்கொண்டேன்.

“ஆமா சார்” என்றேன்.

“நான் போடுறேன், நீ வெளிய நில்லு” என்றார். மாட்டேன் என்றேன். இடது பக்கம் கீழே, மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியை நானே செலுத்தினேன். அவர் முனகினார். பேசவில்லை. அவர் பேசிவிடுவார் என்றுதானே அன்றைக்குத் திரையை விலக்காமல் திரும்பினேன். இன்றைக்கு ஏதாவது ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்றிருந்தது.

நீர் தெளிவாக வர வேண்டும், வெளிறிய தேநீர் நிறத்தில். வந்தது கலங்கல். சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், மறுபக்கத்துக் கம்பி தெரியவில்லை. கட்டிலருகிலேயே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டிலில் கொஞ்சம் செலுத்தினேன். மீதியை எடுத்துக்கொண்டு வார்டின் பக்கத்து அறையிலிருக்கும் சின்ன லேபுக்கு ஓடினேன். நானே சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். முதல் கட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் எண்ணினேன். எண்ணி முடித்து, பெருக்கிப் பார்த்தால் மூவாயிரத்துக்கு மேல். இருநூற்றைம்பதே அதிகம் என்று நூறு பக்கம் எழுதுகிறவள் நான்.

இது நேற்று வந்ததில்லை. செவ்வாய்க்கிழமையே இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை நான் கேஸ் ஷீட்டோடு பக்கத்தில் நின்றேன்.

மருந்து ஆரம்பித்தாயிற்று. சிறுநீரகத்தைக் காக்க ஆல்புமினும் ஏறுகிறது. பேதியாவதற்கு சிரப், அப்போதுதான் மயக்கம் தெளியும். தூக்க ஊசியை நிறுத்திக் கோடு போட்டேன். பாக்கியம் அத்தைக்குப் போன் செய்தேன். “ஐயோ, நீ பக்கத்துல இருக்கியே தாயி, அது போதும்” என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு

அப்படியேதான் இருக்கிறார். மூத்திரம் கொஞ்சம் கூடியிருக்கிறது. நான்தான் துணி மாற்றினேன்.

ஸ்கூட்டரைக் கொடுக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

காலையில் கண்ணைத் திறந்து பார்த்தார். என்னைத் தெரிந்தது. தெரிந்ததும் முதலில் செய்தது, வார்டில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்ததுதான்.

“டாக்டரம்மா” என்றார் அடிக்குரலில்.

“எல்லார்ட்டயும் சொல்லியாச்சு” என்றேன்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேனோ என்னவோ. “ஏன்ளா சொன்ன? நாந்தான் யாரும் இல்லன்னு சொல்லிட்டேம்லா. பேசாம இருந்திருக்கலாமே. இனிம இவங்க மத்தியில நீ எப்படிப் பொழங்குவ?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“நீ இந்த வார்டுல இருப்பன்னு சத்தியமா எனக்குத் தெரியாது கோமு. தெரிஞ்சிருந்தா மதுரைக்கு அனுப்புங்கன்னு சொல்லியிருப்பேன். ஒன்னயத் தலைகுனிய வச்சிட்டேன்.” சொல்லிவிட்டு வேட்டியை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியது யார், கேட்பது யார்? மருந்து ஒத்துக்கொண்டதா என்று பார்க்க இரண்டு நாள் கழித்து மறுபடி நீர் எடுக்க வேண்டும், அதற்கு வந்தேன் என்று சொன்னேன். “எடுத்துக்க” என்று பக்கமாய்த் திரும்பிப் படுத்தார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தண்ணி எடுப்பதா, எதற்கு, செத்துவிடுவேனா என்று எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தாலும் இப்படித்தான் திரும்பிப் படுத்திருப்பார்.

இம்முறை நீர் தெளிந்திருந்தது. எண்ணினேன். முந்தினதில் பத்தில் ஒரு பங்குதான்.

ஊசி உள்ளே இருக்கும்போது அவர் பேசினார். பட்டறையில் ஒரு கார் கதவு பாதியில் நிற்கிறதாம். “ம்” கொட்டினேன்.

ஜூலை 9, செவ்வாய்

அத்தை வந்துவிட்டாள். வந்ததிலிருந்து வார்டில் என் புகழ்தான். “அவ மட்டும் இல்லேன்னா எங்கண்ணன் இந்நேரம் சுடுகாட்டுல. பெத்தா இப்படி ஒண்ணு பெக்கணும்.” ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்கிறாள். பன்னிரண்டாம் கட்டில்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஹவுஸ் சர்ஜன்கள் தீசிஸில் அவருடைய கேஸைச் சேர்ப்பேனா என்று கேட்கிறார்கள். சுவாதி, “சொந்த அப்பாவுக்கே ஊசி போட்டு எடுத்திருக்கீங்க, எனக்கெல்லாம் கை வராதுக்கா” என்றாள். இவ்வளவு நாள் மறைத்ததைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஏதோ மனஸ்தாபம் போல என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

பேச்சியம்மாள் மட்டும் என்னைப் புகழவில்லை. “இப்ப நல்லாச் சாப்பிடுதாவ” என்றார். அவ்வளவுதான்.

இந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு நிற்பது எனக்கு அசிங்கமாக இருக்கிறது. மறுத்துப் பேசவும் இல்லை. காது மட்டும் சூடாகிறது.

நாளைக்கு எங்கள் யூனிட்டின் சீஃப் மேடம் ரவுண்ட்ஸ். அவரிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும்: அவர் மறுக்கவில்லை மேடம், நான் கேட்கவே இல்லை. வாயில் சொல்லிப் பழகினேன். சின்ன வாக்கியம்தான்.

ஜூலை 10, புதன்

காலையில் மேடத்தின் அறைவரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். காத்திருக்கலாம். திரும்பிவிட்டேன்.

ரவுண்ட்ஸில் மேடம் பதினோராம் கட்டிலில் நின்றார். கூட ராயப்பன் சார், பி.ஜி.க்கள், ஹவுஸ் சர்ஜன்கள், மூன்றாம் வருஷ மாணவர்கள். அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சள் அப்படியேதான், பேச்சு தெளிவு. மேடம் கேஸ் ஷீட்டை முதலிலிருந்து புரட்டினார். மூன்றாம் தேதியில் விரல் நின்றது.

நான் பேச வாயைத் திறந்தேன். நிஜமாகத் திறந்தேன். அதற்குள் மேடம் அவரைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

“ஏங்க பரமசிவன், வந்த மறுநாளே இவங்க உங்ககிட்ட தண்ணி எடுக்கணும்னு கேட்டிருக்காங்க. ஏன் மாட்டேன்னீங்க? அன்னைக்கே எடுத்திருந்தா இவ்வளவு சீரழிவு உண்டா? பிழைச்சது மறுபிறவி, தெரியுமா?”

அப்பா மேடத்தைப் பார்த்தார். நான் கேட்டதாக மேடம் சொன்னதை ஒரு கணம் யோசித்தார். நெற்றி சுருங்கியது. பிறகு என் பக்கம் திரும்பாமலே தலையைக் குனிந்துகொண்டார்.

“பயந்துட்டேம்மா. தண்ணி எடுத்தா ஆளு தங்க மாட்டான்னு ஊருல சொல்லுவாவ. பிள்ள கெஞ்சிக் கெஞ்சித்தான் கேட்டா. நாந்தான் மாட்டவே மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சிட்டேன்.”

“டாக்டருக்குப் படிச்ச பொண்ணு சொல்லியே கேக்கலைன்னா வேற யார் சொல்லிக் கேக்கப் போறீங்க?” என்று மேடம் கடிந்துகொண்டார். மாணவர்களைப் பார்த்து, “இந்த அறியாமையோடதான் நாம தினம் போராடறோம், பார்த்துக்கங்க” என்றார். இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். ஒரு பையன் சிரித்தான். அத்தை தலையில் அடித்துக்கொண்டு, “அன்னைக்கும் புத்தி இல்ல, இன்னைக்கும் புத்தி இல்ல” என்றாள். அப்பா எல்லாவற்றுக்கும், “தப்புத்தாம்மா, தப்புத்தாம்மா” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

என் வாய் திறந்தபடியே இருந்தது. மூடிக்கொண்டேன்.

கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது. நான் டிரிப்பைச் சரிசெய்வதுபோல நின்றேன். அவர் யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

“சரியாத்தான சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னீங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனேன்.